துப்பாக்கி கையில் இல்லாமலே ‘ஒரே துப்பாக்கி’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2017 செப்டம்பர் 5 அன்று இரவு, பெங்களூரில் தன் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்ட 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கியும், 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியைச் சுட்ட துப்பாக்கியும் ஒன்றுதான் என்ற செய்தி சில நாட்களிலேயே வரத் தொடங்கியது. பின்னர் கர்நாடகத் தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. செய்தி முதலில் வந்தபோது யாரும் கைதாகியிருக்கவில்லை. துப்பாக்கியும் சிக்கியிருக்கவில்லை.

கண்ணால் பார்க்காத ஒரு துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது என்று பலருக்கும் சந்தேகம் வந்தது. இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. வேறு சில வழக்குகளில் துப்பாக்கியும் குண்டும் கையில் இருந்தும் ‘முடிவாகச் சொல்ல இயலவில்லை’ என்று ஆய்வகம் எழுதுகிறது. உடனே அறிக்கையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்புகிறது. இந்த இரண்டு விடைகளும் ஒரே முறையிலிருந்து நேர்மையாகவே வரக்கூடியவை. அந்த முறை எதைப் பார்க்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரியாமல், ‘பொருந்தியது’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் வழக்கு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணத்தால் குற்றமற்றவர்கள் தூக்குக் கயிறு வரை போயிருக்கிறார்கள்.

தோட்டா வெடிக்கும்போது என்ன நடக்கிறது?

செய்திகளில் தோட்டா, குண்டு இரண்டும் மாறி மாறி வரும். இங்கே தோட்டா என்பது துப்பாக்கிக்குள் போடும் முழுப் பொருள். அதில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் சின்ன வட்டமாக இருக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. உடலைத் துளைப்பது குண்டு. சம்பவ இடத்தில் தரையில் கிடப்பது பெரும்பாலும் காலிக் கூடு.

விசையை இழுத்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இவை நடக்கின்றன:

1. சுடும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. மென்மையான உலோகத்தில் குழி விழுகிறது. ஊசி முனையின் வடிவமும் அதிலுள்ள பிசிறும் அந்தக் குழிக்குள் பதிகின்றன.

2. பிரைமரின் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. வாயு அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அழுத்தம் கூட்டைப் பின்னே தள்ளி, துப்பாக்கியின் பின்தகட்டில் வைத்து அழுத்துகிறது. தகட்டில் அரம் போட்ட கோடுகள் இருந்தால் அவை கூட்டின் அடியில் அச்சாகின்றன.

3. குண்டு குழல் வழியே பாய்கிறது. பிஸ்டல், ரிவால்வர், ரைபிள் குழல்களின் உட்சுவரில் திருகுபோல் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களை வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றபடி நேராகப் பறக்க அவை உதவும். குண்டின் பருமன் குழலின் உள் அளவைவிட ஒரு மயிரிழை கூடுதல் என்பதால், பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகள் குண்டின் பக்கவாட்டைக் கீறிக்கொண்டே அனுப்புகின்றன.

4. தானியங்கி பிஸ்டலாக இருந்தால் ஒரு சிறு கொக்கி கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்கும். இன்னொரு முனை அதை இடித்து வெளியே எறியும். இரண்டும் தடம் பதிக்கும். ரிவால்வரில் கூடு உருளைக்குள்ளேயே தங்கிவிடும்.

முறுக்கு அச்சில் ஒரு பல் நெளிந்திருந்தால், அதில் பிழியும் முறுக்கெல்லாம் அதே இடத்தில் அதே கோட்டோடு விழும். இங்கே நடப்பதும் அதுதான். எனவே அச்சைப் பார்க்காமலே, இரண்டு வெவ்வேறு இடங்களில் கிடைத்தவை ஒரே அச்சில் பிழிந்தவையா என்று கேட்க முடியும். கௌரி லங்கேஷ் வழக்கில் நடந்த ஒப்பீடு இந்த வகை: ஒரு கொலையில் கிடைத்த கூடுகளையும் குண்டுகளையும் மற்ற கொலையில் கிடைத்தவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

நான்காவது புள்ளியில் ஓர் எச்சரிக்கை தேவை. கொக்கியின் தடம் பதிய, சுட வேண்டும் என்பதுகூட இல்லை. தோட்டாவை ஏற்றிச் சுடாமலே வெளியே எடுத்தாலும் பதியும். ஒரு கூட்டில் இந்தத் தடம் மட்டும் பொருந்துகிறது என்றால், அது ஒரு காலத்தில் அந்தத் துப்பாக்கிக்குள் இருந்தது என்றுதான் சொல்லலாம். அதில் சுட்டது என்று சொல்ல ஊசிக்குழியும் பின்தகட்டு அச்சும் வேண்டும்.

கோடுகளில் மூன்று தரம்

வகைப் பண்புகள்: தொழிற்சாலை வேண்டுமென்றே வைப்பவை. குழலின் விட்டம், வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை, அவற்றின் அகலம், சுழல்வது வலமா இடமா. கோல்ட் (Colt) நிறுவனத்தின் ரிவால்வர்களில் வழக்கமாக ஆறு பள்ளங்கள், இடப்பக்கச் சுழற்சி. ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் ஐந்து, வலப்பக்கம். உடலிலிருந்து எடுத்த குண்டில் வலப்பக்கம் சுழலும் ஐந்து வரிகள் இருந்தால், சந்தேக நபரின் வீட்டில் பிடித்த கோல்ட் ரிவால்வர் அந்த நிமிடமே விலகிவிடும். இந்த அறிவியலின் மிகத் திடமான பகுதி இதுதான். ஒரு துப்பாக்கியை விலக்குவதற்கு ஒரு வேறுபாடு போதும்.

தனிப் பண்புகள்: யாரும் திட்டமிடாமல் வருபவை. குழலை வெட்டும் கருவியின் முனை ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் தேய்கிறது. உலோகத் துருவல் சிக்கிக் கீறுகிறது. பிறகு பயன்பாடு, துரு, துடைக்கும் கம்பி எல்லாம் சேர்கின்றன. ஒரு துப்பாக்கியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்படுபவை இந்த நுண்ணிய கோடுகளே.

இரண்டுக்கும் நடுவே பலர் பேசாமல் தாண்டிப்போகும் ஒரு தரம் இருக்கிறது: உட்பிரிவுப் பண்புகள். வெட்டும் கருவியின் முனையில் ஒரு பெரிய பிசிறு இருந்து, அது தேய்வதற்குள் அடுத்தடுத்து பல குழல்களை வெட்டியிருந்தால், அந்தக் குழல்கள் அனைத்திலும் ஒரே கோடு ஓடும். பார்ப்பவர் அதைத் தனிப் பண்பு என்று எடுத்துக்கொண்டால், ஒரே வாரத்தில் அதே பட்டறையிலிருந்து வந்த இன்னொரு துப்பாக்கியின் பழியை இந்தத் துப்பாக்கி சுமக்கும். நிபுணர் தவறுகள் பலவற்றுக்கு இது இயல்பான வாசல். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் என் பார்வையில் இதுவே: இந்தக் கோடுகள் உட்பிரிவுப் பண்பு அல்ல என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

நுண்ணோக்கியின் நடுக்கோடு

சந்தேகத் துப்பாக்கி கையில் இருந்தால் ஆய்வகத்தில் அதைச் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு சிதையாமல் கிடைக்க வேண்டும் என்பதால் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ, பஞ்சு அடைத்த நீளப் பெட்டிக்குள்ளோ சுடுவார்கள். கூடியமட்டும் வழக்கில் கிடைத்த அதே வகைத் தோட்டாவையே பயன்படுத்துவார்கள். ஒரு முறை சுட்டால் போதாது. ஒரே துப்பாக்கி அடுத்தடுத்த இரண்டு குண்டுகளில்கூட அச்சுப் பிசகாமல் ஒரே கோடுகளைப் பதிப்பதில்லை. எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால்தான் வழக்குக் குண்டில் தெரியும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்று சொல்ல முடியும்.

பிறகு ஒப்பீட்டு நுண்ணோக்கி. இரண்டு நுண்ணோக்கிகளை ஒரு பாலத்தால் இணைத்தது போன்ற கருவி. கண்ணில் தெரியும் வட்டத்தை நடுவில் ஒரு கோடு பிரிக்கும். இடப்பாதியில் வழக்குக் குண்டு, வலப்பாதியில் சோதனைக் குண்டு. நிபுணர் ஒன்றை மெல்லச் சுழற்றிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் இடப்பக்கக் கீறல்கள் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கக் கீறல்களாகவே தொடர்வதுபோல் தெரியும். அங்கே நிறுத்திப் படம் எடுப்பார். நீதிமன்றத்தில் காட்டப்படும் படம் அதுதான்.

இந்தக் கருவியைத் துப்பாக்கி வழக்குகளுக்குக் கொண்டுவந்தது, 1920களில் நியூயார்க்கில் கால்வின் காடர்டும் அவருடன் இருந்த ஃபிலிப் கிரேவல் உள்ளிட்டோரும் சேர்ந்து நடத்திய சிறு ஆய்வகம். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்ற சம்பவம் அதற்கு உலகப் புகழ் தந்தது. கொலையாளிகளில் சிலர் போலீஸ் சீருடையில் வந்திருந்ததால் சந்தேகம் போலீஸ் மீதே விழுந்தது. காடர்ட் முதலில் செய்தது விலக்கும் வேலை: போலீஸ் வைத்திருந்த தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கிகளைச் சோதித்து, அவற்றில் எதுவும் இல்லை என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் மிச்சிகனில் ஒரு குற்றவாளியின் வீட்டில் இரண்டு தாம்ஸன்கள் சிக்கின. சம்பவ இடத்தில் சேகரித்த கூடுகளோடு அவை பொருந்தின.

அறிக்கையில் வரக்கூடிய நான்கு விடைகள்

1. இந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது.

2. இந்தத் துப்பாக்கியில் சுடப்படவில்லை.

3. முடிவு சொல்ல இயலாது. வகைப் பண்புகள் ஒத்துப்போகின்றன. தனிப் பண்புகள் போதவில்லை.

4. ஒப்பீட்டுக்கே தகுதியில்லை. குண்டு நசுங்கிவிட்டது, துண்டாகிவிட்டது, துருப்பிடித்துவிட்டது.

மூன்றாவது விடைதான் அடிக்கடி திரித்துச் சொல்லப்படுகிறது. அரசுத் தரப்பு அதை ‘பொருந்த வாய்ப்புண்டு’ என்று வாசிக்கும். எதிர்த்தரப்பு ‘பொருந்தவில்லை’ என்று வாசிக்கும். இரண்டுமே தவறு.

முதல் விடைக்கு எத்தனை கோடுகள் ஒத்திருக்க வேண்டும்? எண் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இத்துறை நிபுணர்களின் சங்கம் 1992இல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ‘போதிய அளவு ஒத்திருத்தல்’ என்பது. எது போதியது என்பதை நிபுணரின் பயிற்சியும் அனுபவமும் தீர்மானிக்கின்றன. தொடர்ந்து ஒத்துவரும் கோடுகளை எண்ணி முடிவுக்கு வரும் முறையை முன்வைத்தவர்கள் உண்டு. அது எல்லோரும் கட்டாயமாகப் பின்பற்றும் விதியாகவில்லை. ஆகவே இரண்டு தகுதியான நிபுணர்கள் ஒரே படத்தைப் பார்த்து வேறுவேறு விடை சொல்வது சதியில்லாமலே நடக்கக்கூடியது. 2013இல் புனேயில் கொல்லப்பட்ட பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கரின் வழக்கில் மும்பை, பெங்களூர் ஆய்வகங்களின் கருத்துகள் ஒத்துப்போகவில்லை. லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டைக் கேட்கப்போவதாக சிபிஐ பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அது கைகூடாமல் மூன்றாவது கருத்துக்கு அகமதாபாத் ஆய்வகத்தை நாட வேண்டியதாயிற்று.

ஜெசிகா லால் வழக்கு: இரண்டு காலிக் கூடுகளின் கதை

துப்பாக்கி இல்லாத ஒப்பீடு எங்கே தடுமாறும் என்பதற்கு இந்திய வழக்குகளில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1999 ஏப்ரல் 29 இரவு, டெல்லி மெஹ்ரோலியில் ஒரு விருந்தில் மது பரிமாற மறுத்ததற்காக ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுத் தரப்பின் கதைப்படி, குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மா முதலில் கூரையை நோக்கிச் சுட்டார், அடுத்து ஜெசிகாவை. இரண்டு .22 (0.22 அங்குல அளவு) காலிக் கூடுகள் கிடைத்தன. பிஸ்டல் கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டு கூடுகளும் ஒரே துப்பாக்கியில் சுடப்பட்டவையா என்ற கேள்வி ராஜஸ்தான் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகத்தின் நிபுணர் பிரேம் சாகர் மனோச்சாவிடம் போனது. சந்தேகத் துப்பாக்கி இல்லாமல் உறுதியான கருத்து தர இயலாது என்று அவர் எழுத்தில் சொன்னார். விசாரணையின்போது அவரிடம் ஏதாவது ஒரு விடை சொல்லுமாறு வற்புறுத்தப்பட்டது. இரண்டும் வெவ்வேறு துப்பாக்கிகளில் சுடப்பட்டவைபோலத் தெரிகிறது என்றார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ‘இரண்டு துப்பாக்கி, இரண்டு பேர்’ என்ற வாதம் எழுந்தது. 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மனு சர்மாவுக்குத் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இங்கே இயல்பாக ஒரு சந்தேகம் வரும். கௌரி லங்கேஷ் வழக்கிலும் அப்போது துப்பாக்கி இல்லை, அங்கே சொல்ல முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

ஒன்று என்று சொல்வதும் வேறு என்று சொல்வதும் சமமான வேலைகள் அல்ல. இரண்டு கூடுகளின் நுண்ணிய கோடுகள் நிறைய இடங்களில் ஒத்துப்போனால், அது தற்செயலாக நடக்க வாய்ப்பு குறைவு என்ற அடிப்படையில் ‘ஒன்று’ எனலாம். கோடுகள் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: துப்பாக்கிகள் வேறு, அல்லது ஒரே துப்பாக்கி இரண்டு தோட்டாக்களில் வேறுவேறு மாதிரி பதித்திருக்கிறது. பித்தளையின் மென்மை, அழுத்தத்தின் அளவு, ஊசி விழுந்த இடம் எல்லாம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். .22 வகையில் இது இன்னும் சிக்கல். அதில் தனியாகப் பிரைமர் கிடையாது. ஊசி கூட்டின் மெல்லிய விளிம்பையே குத்துகிறது. அந்தத் துப்பாக்கி எவ்வளவு மாறிப் பதிக்கும் என்று பார்க்க அதைச் சுட்டுப் பார்த்தாக வேண்டும். மனோச்சா துப்பாக்கி கேட்டதன் காரணம் அதுதான். வகைப் பண்பிலேயே வேறுபாடு இருந்தால் மட்டும் துப்பாக்கி இல்லாமலும் ‘வேறு’ என்று சொல்லிவிடலாம்.

மனோச்சா மீது பொய்ச் சாட்சிக்காக வழக்குத் தொடர உயர் நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிபுணர் சொல்வது கருத்து; வற்புறுத்தலின் பேரில் சொன்ன கருத்துக்காக அவரைப் பொய்யர் என்று தண்டிக்க முடியாது என்பதே அதன் சாரம். சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ‘தெரியவில்லை’ என்று சொன்ன நிபுணரை ஆம், இல்லை என்று சொல்லவைத்ததுதான் அந்த வழக்கில் நடந்த முதல் கோளாறு.

எவ்வளவு தவறலாம்?

1985இல் அமெரிக்காவின் அலபாமாவில் இரண்டு உணவக மேலாளர்கள் கொல்லப்பட்டனர். மூன்றாவது சம்பவத்தில் சுடப்பட்டுப் பிழைத்த ஒருவர் புகைப்படத்தில் ஆண்டனி ரே ஹிண்டனை அடையாளம் காட்டினார். ஹிண்டன் அந்த நேரத்தில் பல மைல் தள்ளி ஒரு கிடங்கில் வேலையில் இருந்ததாகச் சொன்னார். அவருடைய தாயார் வீட்டில் ஒரு .38 ரிவால்வர் எடுக்கப்பட்டது. மூன்று சம்பவங்களிலும் கிடைத்த ஆறு குண்டுகளும் அதில் சுடப்பட்டவை என்று அரசு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். இரண்டு கொலைகளோடு அவரைப் பிணைத்த பருப்பொருள் சான்று வேறு இல்லை.

எதிர்க் கருத்து சொல்ல ஒரு நல்ல நிபுணரை அமர்த்த அவர் வழக்கறிஞரிடம் பணமில்லை. சட்டம் 1,000 டாலருக்கு மேல் தராது என்று வழக்கறிஞர் நம்பினார். அந்த உச்சவரம்பு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தொகைக்குக் கிடைத்தவர் ஒரு கண் பார்வை மட்டுமே உள்ள, ஒப்பீட்டு நுண்ணோக்கியை இயக்கத் தடுமாறிய ஒருவர். குறுக்கு விசாரணையில் அவரை ஜூரிகள் முன் கேலிப்பொருளாக்கினார்கள். ஹிண்டனுக்கு மரண தண்டனை கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, தேர்ந்த மூன்று நிபுணர்கள் அதே குண்டுகளைப் பார்த்தார்கள். அவை அந்த ரிவால்வரில் சுடப்பட்டவை என்று சொல்ல முடியாது என்றார்கள். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. மறு சோதனையில் அரசின் ஆய்வகத்தாலும் பொருத்தம் காட்ட முடியவில்லை. 2015 ஏப்ரல் 3 அன்று, சுமார் முப்பது ஆண்டுச் சிறைக்குப் பிறகு ஹிண்டன் வெளியே வந்தார். ‘பொருந்தியது’ என்பதும் ‘முடிவு சொல்ல இயலாது’ என்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த முப்பது ஆண்டுகளைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு வழக்கை வைத்துத் துறையையே எடைபோடக் கூடாது. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஏம்ஸ் ஆய்வகம் நடத்திய சோதனையில் 218 நிபுணர்களுக்குக் காலிக் கூடுகளை அனுப்பினார்கள். வெவ்வேறு துப்பாக்கிகளில் சுடப்பட்டவற்றை ஒப்பிட்ட தருணங்கள் 2,178. அவற்றில்:

1. சரியாக ‘வேறு’ என்றவை 1,421.

2. ‘முடிவு சொல்ல இயலாது’ என்றவை 735.

3. தவறாக ‘ஒன்று’ என்றவை 22.

இருபத்திரண்டுதானே என்று தோன்றும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு விடைகள் ‘இயலாது’ என்பவை. அவற்றையும் சேர்த்து வகுத்தால் தவறு சுமார் நூற்றுக்கு ஒன்று. முடிவு சொன்னவற்றை மட்டும் எடுத்தால் 1,443இல் 22, அதாவது 66க்கு ஒன்று. அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல் இந்த இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொண்டது. இப்படிச் சரியாக வடிவமைக்கப்பட்ட சோதனையாக அது ஏற்றுக்கொண்டது இந்த ஒன்றை மட்டுமே. இன்னொரு விவரமும் கவனிக்கத் தக்கது: 22 தவறுகளில் 20ஐச் செய்தவர்கள் ஐந்தே நிபுணர்கள். ஆக, முறை முழுக்க உருப்படாதது என்பது சரியல்ல. யார் பார்த்தார், அவரை யார் சரிபார்த்தார் என்பதைப் பொறுத்து நம்பகம் பெரிதும் மாறுகிறது.

நாட்டுத் துப்பாக்கி தரும் சிக்கல்

மேலே சொன்ன ஆய்வுகள் தொழிற்சாலைத் துப்பாக்கிகளை வைத்து நடந்தவை. இந்தியாவில் பிடிபடுபவற்றில் பட்டறைத் தயாரிப்பு ஏராளம். கட்டா எனப்படும் ஒற்றைக் குழல் துப்பாக்கியில் குழல் வெறும் இரும்புக் குழாய். வரிப்பள்ளம் இல்லை. குண்டு தள்ளாடிக்கொண்டு போகும், ஒழுங்கான கீறல் விழாது. குண்டை வைத்து அடையாளம் காண்பது கடினம். ஆனால் கையால் அரம் போட்ட பின்தகடு முரட்டுத்தனமாக இருப்பதால் கூட்டின் அடியில் ஆழமான, தனித்த அச்சு விழும். இத்தகைய வழக்குகளில் குண்டைவிடக் காலிக் கூடுதான் பேசும். அதனால்தான் சுட்டவர்கள் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

சிதறு குண்டுத் துப்பாக்கியின் ஈயச் சில்லுகளில் குழலின் தடம் நிற்காது. தமிழ்நாட்டு மலையடிவாரங்களில் காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் பயன்படுத்தும், முன்வாயில் மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் கூடே கிடையாது. அங்கே ‘இந்தத் துப்பாக்கிதான்’ என்று ஆய்வகத்திடம் எதிர்பார்ப்பது வீண்.

தடயம் கெடும் இடங்கள்

நுண்ணோக்கிக்கு வருவதற்கு முன்பே பாதி வழக்குகளின் தலையெழுத்து எழுதப்பட்டுவிடும். அறுவை அறையில் மருத்துவர் பல் வைத்த இடுக்கியால் குண்டைப் பிடித்து இழுத்தால், இடுக்கியின் கீறல் குழலின் கீறல் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கையுறை விரலாலோ ரப்பர் போர்த்திய முனையாலோ எடுக்க வேண்டும். குண்டில் அடையாளக் குறி போடுவதாக இருந்தால் அடிப்பகுதியில் போட வேண்டும். பக்கவாட்டைத் தொடக் கூடாது. இரத்தத்தோடு அப்படியே டப்பாவில் அடைத்தால் உலோகம் அரிக்கும். இரண்டு குண்டுகளை ஒரே உறையில் போட்டால் ஒன்றோடொன்று உரசும். பிடித்த பிஸ்டலின் குழலுக்குள் பேனாவை நுழைத்துத் தூக்குவது உட்சுவரையே கீறும்.

கையில் வெடிமருந்துத் துகள் இருந்ததா என்ற சோதனை தனி விஷயம். ஈயம், பேரியம், ஆன்டிமணி மூன்றும் சேர்ந்த நுண்துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் தேடுவார்கள். சில மணி நேரத்தில் கை கழுவியும் உரசியும் அவை உதிர்ந்துவிடும். பக்கத்தில் நின்றவர் கையிலும், கைது செய்த போலீஸாரிடமிருந்தும் ஒட்டலாம். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்பதைக் காயத்தைச் சுற்றிய கருகல், புகைக்கறை, மருந்துப் புள்ளிகள் ஆகியவற்றை வைத்துச் சொல்வதும் இன்னொரு துறை.

நீதிமன்றத்தில்

இந்திய சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 39ஆவது பிரிவாகியிருக்கிறது. நிபுணர் தருவது கருத்து, முடிவு நீதிபதியுடையது. 1958இல் கலுவா வழக்கில் உச்ச நீதிமன்றம், கிடைத்த காலிக் கூடு குறிப்பிட்ட பிஸ்டலில்தான் சுடப்பட்டது, வேறெந்தத் துப்பாக்கியிலும் இல்லை என்று ஏற்றுக்கொண்டது. அந்த உறுதியான மொழி இன்று வேறு இடங்களில் கேள்விக்குள்ளாகிறது. 2023 ஜூனில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், குண்டுகள் இந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டவை என்று நிபுணர் நிபந்தனையின்றி சாட்சி சொல்ல அனுமதித்தது தவறு என்றது. கோடுகள் ஒத்துப்போகின்றனவா, முரண்படுகின்றனவா என்ற அளவோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி பொருந்தினாலும் அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்பது அறிக்கைக்கு வெளியே உள்ள கேள்வி. கள்ளச் சந்தைத் துப்பாக்கி பல கை மாறும், வாடகைக்கும் போகும். துப்பாக்கி எங்கே, யாரிடம், யார் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது, முத்திரை எப்போது வைக்கப்பட்டது, ஆய்வகத்துக்குப் போகும்வரை யாரிடம் இருந்தது என்ற காகிதச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எவ்வளவு அழகான பொருத்தமும் பயன்படாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரிப்பதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. சேகரிப்பில் நடக்கும் தவறுகள் இதனால் குறையலாம். ஒப்பீட்டில் நடக்கும் தவறு குறைய வேறு ஏற்பாடு வேண்டும்: எத்தனை சோதனைக் குண்டுகள் சுடப்பட்டன, எந்தத் தடங்கள் ஒத்தன, எவை ஒக்கவில்லை, உட்பிரிவுப் பண்பு எப்படி விலக்கப்பட்டது என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும். படங்களை எதிர்த்தரப்புக்கும் தர வேண்டும். முதல் நிபுணரின் விடையைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவது நிபுணர் தனியாகப் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பில் நிற்பவரிடம் பணமில்லை என்றால், அவருக்காகப் பார்க்கும் நிபுணரின் செலவை அரசே ஏற்க வேண்டும்.